என் வீட்டு முகவரியில் குடியிருந்தவர்

போன வாரம் கவிதா கூப்பிட்டாள். ஈப்போ நகரில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தகவல் நிறுவனத்தில் இப்போது அவள்தான் தேடல் பிரிவுக்குத் தலைவி.

"அக்கா, புது சிஸ்டம் வந்துருச்சிலா. பேர மட்டும் அடிச்சா போதும், மத்த கட்டத்தையெல்லாம் அதுவே ஊகிச்சு நெரப்பிக்குது. நீங்கள்லாம் எவ்ளோ கஷ்டப்பட்டு வேல கத்துக்கிட்டீங்கன்னு புதுப் பிள்ளைங்களுக்கு ரெண்டு பக்கம் எழுதித் தாங்களேன்."

கஷ்டப்பட்ட கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் 'அதுவே நிரப்பிக்கொள்கிறது' என்று அவள் சொன்னது பேனாவை வேறு பக்கம் திருப்பிவிட்டது. காலியாக விட்டிருக்க வேண்டிய ஒரு கட்டத்தை நிரப்பியதால் வந்த வினை எனக்குத் தெரியும். அதை எழுதாமல் வேறு எதை எழுதினாலும் அது வெறும் பெருமையடிப்பாகிவிடும்.

முப்பது வருடம் நான் செய்த வேலையைச் சொந்தக்காரர்களுக்கு விளக்க முடிந்ததே இல்லை. "கம்ப்யூட்டர்ல தேடுற வேல" என்பேன். "தெனமும் என்னத்தத்தான் தொலைக்கிறீங்க?" என்பார் என் மாமனார். விஷயம் இதுதான். பெரிய நிறுவனங்கள் சில, பத்திரிகைச் செய்தி, நீதிமன்றப் பதிவு, காப்புரிமை, ஆட்களின் முகவரி என்று கிடைப்பதையெல்லாம் சேர்த்துத் தரவுத்தளமாக வைத்திருக்கும். சந்தா கட்டியவர்கள் உள்ளே போய்த் தேடலாம். வக்கீல்களும் தொழிற்சாலைக்காரர்களும் கேட்பதை அவர்களுக்காக நாங்கள் உள்ளே போய் எடுத்துக் கொடுப்போம்.

நான் சேர்ந்த புதிதில் தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் இணைப்பு. மோடம் பெட்டி கொஞ்ச நேரம் கீச்சிட்டுவிட்டு உள்ளே விடும். நிமிடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் ஓடும். அதனால் யோசிப்பதெல்லாம் வெளியிலேயே முடிந்திருக்க வேண்டும். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர், கற்றுக்கொடுத்தார் என்பதைவிடப் படுத்தி எடுத்தவர், மேலாளர் ஜமால், எங்கள் எல்லோருக்கும் 'நானா', அதாவது அண்ணன். குடும்பத்துக்கு ஊரில் நல்ல பெயருள்ள சாப்பாட்டுக் கடை. இவருக்கு மட்டும் கல்லாப் பக்கம் மனம் போகவில்லை. முழுக்கைச் சட்டையின் கடைசிப் பொத்தான் வரை போட்டிருப்பார். விசைப்பலகையைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவார், நாங்களும் கழுவ வேண்டும்.

முதல் வாரம் 'ரப்பர் கையுறை' என்று தேடச் சொன்னார். ரப்பர் என்று அடித்தேன். ஆயிரக்கணக்கில் வந்து கொட்டியது. பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன்.

"இத யாரு படிக்கிறது, ஒங்க தாத்தாவா?" என்றார். "ரப்பரும் வேணும், கையுறையும் வேணும், செருப்பு வேணாம், டயர் வேணாம்னு சொல்லணும். கடைக்குப் போயி சாமான்னு மட்டும் கேப்பியா நீ?"

அவருடைய முறை அட்டை முறை. ஒவ்வொரு தேடலுக்கும் உள்ளங்கை அளவு அட்டை ஒன்று. மேலே வாடிக்கையாளர் கேட்டது, அவர் வாயால் சொன்னபடியே. நடுவில் நாம் கட்டங்களில் அடிக்கப் போகும் சொற்கள், ஒன்று விடாமல். கீழே ஒரே ஒரு வரி: என்ன கிடைக்கும் என்று நினைக்கிறாய்? தேடல் முடிந்ததும் அட்டையை ரப்பர் வளையம் போட்டு, பிஸ்கட் டின்னில் அடுக்கி, வருடத்தை ஒட்டி வைக்க வேண்டும். இன்னொரு கட்டளையும் உண்டு. "எந்தக் கட்டத்தையும் காலியா விடாதே. காலியா விட்டா வெளிய தள்ளிரும். மறுபடி நொழைய மறுபடி காசு." அவருக்குக் கோபம் வந்தால் குரல் குறையும். இதைச் சொல்லும்போது கிட்டத்தட்டக் கிசுகிசுப்பார்.

இணைப்பு வேகமானது, கீச்சிடும் பெட்டி போனது, நிமிடக் கட்டணம் போனது. அட்டையும் கட்டளையும் மட்டும் போகவில்லை.

அஞ்சலை என்ற பெண் எங்களிடம் வந்தது அதற்கெல்லாம் பிறகு. பீடோரில் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் சமையல் வேலை. அவள் புருஷன் முனியாண்டி பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டத்தை விற்று, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்த வருடம், வேலை பார்த்து வருகிறேன் என்று ஒரு காலையில் கிளம்பினார். மோட்டார் சைக்கிளைப் பேருந்து நிலையத்தில் ஒழுங்காகப் பூட்டி வைத்திருந்தார். ஆள் திரும்பவில்லை. போலீசில் புகார் கொடுத்தாயிற்று, மருத்துவமனைகளில் பார்த்தாயிற்று. கடைசியில் ஒரு வக்கீல் அவளை எங்களிடம் அனுப்பினார்.

அட்டையின் மேல் பகுதியில் அவள் கேட்டதை எழுதினேன். "இருக்காரா இல்லையான்னு மட்டும் சொல்லுங்கக்கா. வேற ஒண்ணும் வேணாம்."

ஆட்களின் பதிவுகள் உள்ள தரவுத்தளத்தில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று முகவரி. இன்னொன்று 'கடைசி நடமாட்டம்'. அந்த ஆள் பெயரில் எங்காவது ஏதாவது பதிவானால் அந்த மாதம் அங்கே ஏறும். செத்தவர்களுக்கு அது நின்றுபோகும். அடையாள அட்டை எண்ணைப் போட்டேன். முனியாண்டி வந்தார். முகவரி இடித்துப்போட்ட லயம். கடைசி நடமாட்டம் அவர் காணாமல் போவதற்கு முந்திய மாதம்.

மேலும் தேடுவதற்கான படிவத்தில் 'தெரிந்த முகவரி' என்று ஒரு கட்டம் இருந்தது. தோட்டத்தின் அஞ்சல் எண்ணை அது ஏற்கவில்லை, தோட்டமே இல்லையே. ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் ஒரு தொழிலாளர் விடுதியில் அவரைப் போல ஒருவரைப் பார்த்ததாக யாரோ சொன்னதை அஞ்சலை சொல்லியிருந்தாள். அந்த விடுதியின் முகவரியை அடித்தேன். அன்று புதிதாக எதுவும் வரவில்லை.

அடுத்த வருடம் தீபாவளி முடிந்த வாரம், ஒரு டின் முறுக்கோடு மறுபடி வந்தாள். தேடினேன். முனியாண்டியின் முகவரி ஜெலாப்பாங் விடுதி. கடைசி நடமாட்டம் ஒரு வருடத்துக்கு முன்.

அவர் காணாமல் போனதற்குப் பிந்திய மாதம் அது. எனக்குப் புல்லரித்தது. ஆள் இருக்கிறார்! அஞ்சலை என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். விடுதி வாசலில் நான்கு ஞாயிற்றுக்கிழமை படத்தோடு நின்றாள். யாருக்கும் தெரியவில்லை.

அதன் பிறகு வந்ததைத்தான் விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரைப் புந்தோங்கில் பார்த்ததாக ஒரு பேச்சு வந்தது, அந்த முகவரியைப் போட்டுத் தேடினோம். மறு வருடம் பதிவு அவரைப் புந்தோங்கில் காட்டியது. தெலுக் இந்தானில் லாரிக் கொட்டகை ஒன்றில் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். மறு வருடம் அங்கே இருந்தார். நாங்கள் எங்கே சந்தேகப்பட்டோமோ அங்கெல்லாம் எங்களுக்குப் பின்னாலேயே அவர் போய்ச் சேர்ந்தார். அஞ்சலை நேரில் போனால் மட்டும் இருக்கமாட்டார். ஒருவேளை எங்களைக் கவனித்துக்கொண்டே ஒளிகிறாரோ என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்த நாளில் தனியாகக் கோப்பு அறைக்குள் போக எனக்குக் கால் வரவில்லை. சிரிக்காதீர்கள்.

அஞ்சலைக்கு அது விளையாட்டாக இல்லை. ஊரில் கல்யாணம் நடந்தால் நலுங்கு வைக்க அவளைக் கூப்பிடலாமா கூடாதா என்று அவள் முகத்துக்கு நேரேயே பேசிக்கொண்டார்கள். மகள் தேவிக்கு வரன் அமைந்தது. அழைப்பிதழ் அச்சடிப்பவன் கேட்டானாம், அப்பா பெயருக்கு முன்னால் 'திரு' போடவா, 'அமரர்' போடவா என்று. அச்சடிக்கக் கொடுக்காமலே எழுந்து வந்துவிட்டாள்.

"பொண்ணு சொல்லிருச்சுக்கா, அப்பா விஷயம் தெரியாம கார்டு அடிக்க வேணாம், நிச்சயத்தத் தள்ளி வைங்கன்னு. மாப்ள வீடு எவ்ளோ நாளு பொறுக்கும்?"

வக்கீலின் கையும் கட்டப்பட்டிருந்தது. ஏழு வருடம் ஆளைப் பற்றி யாருக்கும் ஒரு தகவலும் இல்லை என்றால் இறந்தவராகக் கருதச் சொல்லி நீதிமன்றத்தில் கேட்கலாம். ஆனால் என் அறிக்கை ஒவ்வொரு வருடமும் நடமாட்டம் உண்டு என்றது. என் கையெழுத்தோடு.

ஆறாவது வருடம் புதிய பேச்சு எதுவும் வரவில்லை. லாரிக் கொட்டகையை இடித்துவிட்டார்கள். அஞ்சலையும் வாடகை வீடு மாறும் நடுவில் இருந்தாள். கட்டம் காலியாக இருந்தது. எதையோ அடித்து, பேருக்குத் தேடி முடித்தேன். அதில் என்ன அடித்தேன் என்பது ஒரு வாரத்திலேயே மறந்துபோயிற்று.

சில மாதம் கழித்து குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டுத் தபால் பெட்டியில் ஒரு கடிதம். தளவாடக் கடை விளம்பரம். 'மதிப்பிற்குரிய முனியாண்டி அவர்களுக்கு' என்று தொடங்கியது. கீழே எங்கள் வீட்டு எண், எங்கள் ஜாலான், எங்கள் தெருவேதான். பெயர் நாட்டில் எத்தனையோ பேருக்கு இருக்கும், தபால்காரர் மாற்றிப் போட்டுவிட்டார் என்று இழுப்பறையில் போட்டேன். அடுத்த மாதம் இன்னொன்று. இந்த முறை உறையில் தகப்பன் பெயரும் இருந்தது. அஞ்சலை புருஷனுடைய அதே தகப்பன் பெயர்.

என் வீட்டுக்காரர் சுகுமாறன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாருலா இவரு? நம்ம வீட்ல இருக்காரா? சாப்பாடாவது போட்டியா?" என்றார். அவர் சிரித்தார். நான் போய்ப் பின்னறைக் கதவைத் திறந்து பார்த்தேன். பழைய மின்விசிறியும் தீபாவளிப் பலகாரச் சட்டிகளும் இருந்தன. வேறு யாரும் இல்லை. யார் இருப்பார் என்று நினைத்துத் திறந்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

ஏழாவது வருடம். பிற்பகல் மூன்று மணி, வெளியே மழை. அஞ்சலை எதிரில் உட்கார்ந்திருந்தாள். பதிவைத் திறந்தேன். முனியாண்டி. கடைசி நடமாட்டம் ஒரு வருடத்துக்கு முன். முகவரி, என் வீடு.

திரையை அவள் பக்கம் திருப்பவில்லை. "சிஸ்டம் சரியில்ல, அடுத்த வாரம் வா" என்று வாய் சொல்லிவிட்டது. அவள் குடையை விரித்துக்கொண்டு போனாள். 

நடமாட்டம் எப்போதுமே ஒரு வருடத்துக்கு முன்புதான். அது ஏன் என்று ஏழு வருடமாக நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பிஸ்கட் டின்களை இறக்கினேன். அவள் பெயரில் இருந்த ஏழு அட்டைகளை மேசையில் வரிசையாக வைத்தேன். ஓர் அட்டையின் நடுப்பகுதியில் என் கையெழுத்தில் இருந்த முகவரி, அடுத்த அட்டையோடு குத்தியிருந்த அறிக்கையில் அவர் முகவரியாக இருந்தது. ஜெலாப்பாங். புந்தோங். தெலுக் இந்தான். ஆறாவது அட்டையில் என் வீட்டு முகவரி, அவசரக் கையெழுத்தில். கட்டத்தைக் காலியாக விடக்கூடாதே. மனப்பாடமாகத் தெரிந்ததை அடித்திருக்கிறேன்.

அட்டைகளை எடுத்துக்கொண்டு ஜமால் நானாவிடம் போனேன். அவர் கை கழுவிவிட்டு வந்து, ஒன்றையும் தொடாமல் நின்றபடியே படித்தார். பிறகு அலமாரியிலிருந்து தரவுத்தளத்தாரின் தடிமனான கையேட்டை எடுத்து, பின்பக்கத்தைத் தாள் தாளாகத் தேடி, பொடி எழுத்தில் ஓரிடத்தைக் காட்டினார். சந்தாதாரர் யாரையாவது தேடினால் அதுவும் தேடப்பட்டவர் பெயரில் ஒரு நடமாட்டமாகவே பதிவாகும், தேடலில் கொடுக்கப்படும் முகவரியும் பதிவில் சேரும் என்றிருந்தது. எங்கள் அலுவலகத்தில் அந்தப் பக்கத்தை யாரும் படித்ததில்லை. நான் உட்பட.

அந்த மனிதர் எங்கும் போகவில்லை. வருடத்துக்கொரு தடவை அவரைத் தூக்கி, நான் நினைத்த இடத்தில் கொண்டு போய் வைத்தது நான்தான்.

"காலியா விடாதேன்னு சொன்னது நானு" என்றார் ஜமால் நானா. குரல் கேட்கவே இல்லை, உதடுதான் அசைந்தது. மன்னிப்பெல்லாம் கேட்கிற ஆள் இல்லை அவர். "ஒரு வருஷம் யாரும் தொடக்கூடாது. நீயும் நானும் தொடக்கூடாது. தானா அசையுதான்னு அப்பறம் பாரு. அசஞ்சா ஆளு இருக்கு."

"அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்றது நானா?"

"நடந்தத சொல்லு. வேற என்னத்த சொல்லுவே?"

சொன்னேன். என் தொழில் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமான அரை மணி நேரம் எனக்கு வாய்த்ததில்லை. அஞ்சலை முதலில் கேட்டது இதுதான்.

"அப்ப ஜெலாப்பாங்குல அவரு இல்லவே இல்லையா?"

"தெரியாது அஞ்சலை. நான் கேட்டதத்தான் அது எனக்கே திருப்பிச் சொல்லியிருக்கு."

"நாலு ஞாயித்துக்கெழம நின்னேனேக்கா." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இப்ப எங்க இருக்காருன்னு போட்டுருக்கு?"

"என் வீட்ல."

அவள் நிமிர்ந்து என்னையே பார்த்தாள். "வீட்ல நல்லாப் பாத்தீங்களா?" என்றாள். பின்னறையைத் திறந்து பார்த்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "பாத்தேன்" என்று மட்டும் சொன்னேன்.

ஒரு வருடம் தேடாமல் இருக்க ஒப்புக்கொண்டாள். தேவியின் நிச்சயத்தை மாப்பிள்ளை வீட்டாரிடம் கெஞ்சி இன்னொரு வருடம் தள்ளி வைத்தார்கள், என் தப்புக்காக. அந்த வருடம் எனக்கு நீளமானது. அவர் எண் என் விரலுக்குப் பாடம். ஒரே ஒரு தடவை அடித்துப் பார்த்தால் என்ன என்று எத்தனையோ பிற்பகல்கள் கை போகும், எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன். விளம்பரக்காரர்களும் அதே தரவுத்தளத்திலிருந்துதான் முகவரி வாங்குவார்கள், அதனால் வீட்டுக்குக் கடிதங்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. அவர் பெயருக்கு ஒரு காலண்டர்கூட வந்தது. அதைச் சுவரில் மாட்டவும் மனம் வரவில்லை, எறியவும் மனம் வரவில்லை.

தீபாவளி முடிந்த வாரம் அஞ்சலை வந்தாள். முறுக்கு டின் இல்லை. கை கழுவிவிட்டு, அட்டை எழுதினேன். கடைசி வரியில், என்ன கிடைக்கும் என்று நினைக்கிறாய் என்ற இடத்தில், 'ஒன்றுமில்லை' என்று எழுதினேன். பதிவைப் பார்ப்பதற்கும் ஒருமுறை தொட்டே ஆக வேண்டும், ஆனால் நாங்கள் பார்க்க வேண்டியது அதற்கு முன் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்பதை. முகவரிக் கட்டம் உள்ள படிவத்துக்கே போகவில்லை, அடையாள அட்டை எண்ணை மட்டும் போட்டுப் பதிவைத் திறந்தேன்.

கடைசி நடமாட்டம், ஐந்து மாதத்துக்கு முன்.

என் கை விசைப்பலகையிலிருந்து தானாக விலகியது. ஒரு வருடமாக நாங்கள் யாரும் தொடவில்லை. அது அசைந்திருக்கிறது. முகவரியும் மாறியிருந்தது. பீடோர். தெருவைப் படித்தேன், எண்ணைப் படித்தேன். அஞ்சலை இப்போது குடியிருக்கும் வீடு.

 "அஞ்சலை, அவரு வந்தாரா?" என்று கேட்டேன்.

அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான்தான்க்கா" என்றாள் கடைசியில். "பீடோருல ஒரு ஆபீசுல இதே மாதிரி தேடித் தாராங்க. போனேன். தெரிஞ்ச அட்ரஸ் சொல்லுங்கன்னாங்க. வீட்டுதச் சொன்னேன்."

எனக்குக் கோபம் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், சுர்ரென்று வந்தது. "ஒரு வருஷம்! ஏன் அஞ்சலை? தொடக்கூடாதுன்னு அத்தன தடவ சொன்னேனே!"

"ஒலகத்துல யாருமே அவரத் தேடலன்னு நெனைக்க முடியலக்கா. நாம தேடுன வரைக்கும் அவரு அதுக்குள்ளயாச்சும் நடந்துகிட்டு இருந்தாரு. நாமளும் விட்டுட்டா?"

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பதிவை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தேன். எட்டு வருடம். அவளுடைய அந்த ஒரு தேடலைத் தவிர மற்ற எல்லாம் என்னுடையவை. வங்கி இல்லை, கிளினிக் இல்லை, தொலைபேசி இல்லை. அவராக அசைந்தது ஒன்றுகூட இல்லை. அதை அவளுக்கு வரிவரியாகக் காட்டினேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, படிக்கத் தெரிந்த எண்களை மட்டும் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். முகவரியில் விரல் நின்றது.

"இது நம்ம வீட்டு நம்பரு."

"ஆமா."

"இப்ப யாரு பாத்தாலும் அவரு வீட்லதான் இருக்காருன்னு காட்டும்?"

"காட்டும்."

அவள் மேசையிலிருந்த வெற்றுத் தாளை என் பக்கம் நகர்த்தினாள்.

"அப்ப வந்து சேந்துட்டாரு. போதும்க்கா. இனிமே யாரும் தேட வேணாம். வக்கீலுக்கு எழுதிக் குடுங்க."

எழுதினேன். பதிவில் உள்ள நடமாட்டங்கள் அனைத்தும் அவர் மனைவிக்காகச் செய்யப்பட்ட தேடல்களே என்றும், காணாமல் போன நாளுக்குப் பின் அவராகச் செய்ததென்று ஒரு பதிவும் இல்லை என்றும், முந்தைய அறிக்கைகளில் இருந்த பிழை என்னுடையது என்றும் எழுதினேன். கையெழுத்துப் போட்டு உறையை எடுத்தபோது அவள் தாளை ஒரு விரலால் அழுத்திப் பிடித்தாள்.

"தேதி போடலையேக்கா."

"வக்கீல் ஆபீசுல முத்திர குத்துவாங்க."

"இல்லக்கா, நீங்களே போடுங்க. திதி குடுக்க எங்களுக்கு ஒரு நாளு வேணும்ல."

பேனாவை மறுபடி திறந்து அன்றைய தேதியைப் போட்டேன்.